படிக்கட்டு போட்ட ஜாயிண்ட்

மோட்டார் மெக்கானிக்குகளுக்கு ஆளுக்கொரு தற்பெருமை உண்டு. இவருக்கு அது ஜாயிண்டில் இருந்தது. ஆழ்துளைப் போர்க்குழிக்குள் இறங்கும் மோட்டாரின் மூன்று கம்பிகளையும் கேபிளோடு சேர்க்கும்போது, மூன்று முறுக்கும் ஒரே இடத்தில் வரக்கூடாது, ஒன்றோடொன்று நெருங்காமல் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இறங்க வேண்டும் என்று டீக்கடையில்கூட ஆளைப் பிடித்து நிறுத்திச் சொல்வார். கேட்டுக் கேட்டுக் காது புளித்த எவரோ அவருக்குப் 'படிக்கட்டு' என்று பெயர் வைத்துவிட்டார். முப்பது வருடமாக அதுவே பெயர். இறக்குகிற ஒவ்வொரு மோட்டாரின் மேலும் அரத்தால் தேதி கீறி வைப்பார். பின்னாடி ஒருவரும் வம்புக்கு வரக்கூடாதே என்ற முன்யோசனைதான்.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் மோட்டார் இறக்கினார். நாலு மாதம் கழித்து அந்த வீட்டுப் பெண் துணி துவைக்கப் போய்க் குழாயைப் பிடித்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை. இருபது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் அந்த மோட்டாரை வேறு இரண்டு பேர் தூக்கிப் பார்த்திருந்தார்கள். "எனக்கப்புறம் ரெண்டு கை பட்டிருக்கு. என் ஜாயிண்ட் அப்படிப் போகாது" என்று படிக்கட்டு சொன்னார், ஊரும் தலையாட்டியது. வீட்டார் மோட்டாரை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டதால் ஜாயிண்டைப் பிரித்துப் பார்த்தவர் எவருமில்லை. அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவர் இத்தனை வருடமும் தலைவைத்துத் தூங்கினார். வெறுங்கையால் மட்டும் எந்தக் குழாயையும் தொடுவதில்லை.

அன்று காலை ஒரு டீச்சர் வீட்டுக்கு, எப்போதும் கூட வேலை செய்யும் மச்சானோடு போனார். மோட்டார் நின்றுவிட்டது, வேறு போட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் பின்கட்டில் மரக்கரண்டியோடு நின்றார். குழாயைத் திறக்க அதைத்தான் வைத்திருக்கிறாராம்.

"கடிக்குதுங்க" என்றார்.

"மோட்டார் ஓடும்போதா?"

"ஓடும்போதும்தான், நிக்கும்போதும்தான். நேத்து மத்தியானமே மோட்டார் நின்னுபோச்சு. இன்னைக்குக் காலையிலயும் கடிச்சுது. எங்க வீட்டுக்காரரை ஒண்ணும் பண்ணாது. என்னை மட்டும்தான்."

படிக்கட்டு சிரித்தார். "சார் ரப்பர் செருப்போட நிப்பாரு, நீங்க வெறுங்காலோட நிப்பீங்க. எவனோ சுவிட்சைத் தப்பான கம்பியில மாட்டியிருக்கான், அதான் அணைச்சாலும் கரண்ட் உள்ள நிக்குது. பேயுமில்ல, பிசாசுமில்ல டீச்சர்."

எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிட்டார். சொல்லிக்கொண்டே டெஸ்டரைக் குழாயில் வைத்தார். உள்ளே இருந்த குட்டி விளக்கு, நின்றுபோன மோட்டாரின் குழாயில், மெல்லச் சிவந்தது.

"இது புதுசா வாங்கினதா?"

"இல்லைங்க, வீட்டோட வந்தது. முன்னாடி இருந்தவங்க கேபிளோட பழசா வாங்கிப் போட்டதாம்."

மெயினை இறக்கிவிட்டு இருவரும் இரும்புக் குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றித் தூக்கினார்கள். வழக்கமாக வேலை நடக்கும்போது மச்சான் சும்மா இருக்கமாட்டான், எவனையாவது கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பான். அன்று குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். குழிக்குள்ளிருந்து துருவாடையோடு குளிர்ந்த காற்று வந்தது. கடைசிக் குழாயோடு மோட்டார் மேலே வந்து, சேறு சொட்டிக்கொண்டு கிடந்தது.

படிக்கட்டு துணியால் துடைத்தார். முதலில் ஒரு ஏழு தெரிந்தது, நடுவில் குறுக்குக்கோடு போட்ட ஏழு. ஏழை அப்படிப் போடுகிறவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். மிச்சத் தேதியையும் துடைத்துப் படித்தார்: பதினோரு வருடத்துக்கு முன் அந்தப் பெண் வீட்டில் மோட்டார் இறக்கிய நாள். உச்சி வெயில் முதுகில் சுட்டது. அந்தப் பெண்ணைக் கொன்ற மோட்டாரைத்தான் தன் கை தொட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

"மாமா, ஜாயிண்டை வெட்டித் தூரப் போடுவோம். எப்படியும் புதுசுதானே போடப்போறோம்" என்றான் மச்சான். அவனும் தேதியைப் படித்துவிட்டான்.

படிக்கட்டு ஜாயிண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். உள்ளே வேறு ஒருவன் பிரித்துப் போட்டிருந்தால் அவர் தப்பித்தார். அதற்காக மனசுக்குள் கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். கத்தியால் கீறினார். மேல்சுற்று டேப் அவருடையதில்லை. மூச்சு கொஞ்சம் வந்தது. அதை உரித்ததும் அடியில் இன்னொரு சுற்று, அதன் நுனியில் வெள்ளை நூல் கட்டு. அது அவருடைய கட்டு. பின்னால் வந்த இருவரும் பிரிக்கவேயில்லை, மேலே சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நூலை அறுத்தார். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று முறுக்கும் ஒரே மட்டத்தில் இருந்தன. மயிரிழை மாதிரி ஒரு செம்பு இழை டேப்பைத் துளைத்து, இரும்புக் குழாய் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனி பச்சை பூத்திருந்தது.

"அன்னைக்கு மழை வந்துருச்சு மாமா" என்றான் மச்சான் மெதுவாக. "நான்தான் சீக்கிரம் முடிங்கன்னு அவசரப்படுத்தினேன்."

"ஜாயிண்ட் போட்டது நீயாடா?"

டீச்சர் எட்டிப் பார்த்தார். "என்னங்க ஆச்சு? யாரு பண்ண வேலை இது?"

"யாரோ கத்துக்குட்டி டீச்சர்" என்று மச்சான் முந்திக்கொண்டான்.

"கத்துக்குட்டி இல்ல. நான்தான்" என்றார் படிக்கட்டு.

டீச்சருக்கு விளங்கவில்லை. இன்றைக்குத்தானே முதல்முறையாக வருகிறீர்கள் என்று கேட்டார். அவர் முழுக்கதையையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை, மழையை மட்டும் விட்டுவிட்டார். கேட்டு முடித்த டீச்சர் மரக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பொண்ணைப் பெத்தவங்க இருக்காங்களா?"

"அம்மா போயிட்டாங்க. அப்பா இருக்காரு. தப்பான வயரை வாங்கிட்டு வந்துட்டாருன்னு அந்தம்மா சாகற வரைக்கும் அவரைத்தான் திட்டுச்சு. கேபிளைக் கடையில வாங்கிட்டு வந்தவரு அவருதான். மட்டமான கேபிள் வாங்கினதாலதான் பொண்ணு போச்சுன்னு அவரும் இன்னைக்கு வரைக்கும் நம்பிட்டிருக்காரு."

படிக்கட்டு எழுந்தார். மச்சானைப் பார்த்து, "புது மோட்டாரை நீ இறக்கிடு. படிக்கட்டு வச்சுப் போடு" என்றார். ஜாயிண்டின் இரு பக்கமும் கேபிளை வெட்டி எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு, அந்தப் பெண்ணின் அப்பா வீட்டை நோக்கி நடந்தார்.