மரத்துப் போனதற்குக் கட்டம் இல்லை

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டேப்பக்காதான். பையிலிருந்து டேப்பை எடுத்தால் ஞானப்பல் எடுத்துக்கொண்டவர்களின் கன்னம் தானாகவே அவள் பக்கம் திரும்பும். வீக்கம் பார்க்கக் காது மடலிலிருந்து வாயோரம் வரை ஓர் அளவு, கண்ணோரத்திலிருந்து தாடை முனை வரை இன்னொன்று. பிறகு வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பாள். "பல்லோட ஞானமும் போயிடுமாக்கா?" என்று கேட்பவர்களிடம், "இருந்தாத்தானே போறதுக்கு" என்பாள். பக்கத்து மேஜையில் ஓ.பி. சீட்டு எழுதுகிற நான் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், யாருக்காகவும் அரை மில்லிமீட்டர்கூட அவள் கூட்டிக் குறைத்ததில்லை.

பெரிய டாக்டர் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். புதைந்து கிடக்கிற ஞானப்பல்லை எடுக்க ஈறை எப்படி வெட்டித் திறப்பது நல்லது? பல் வரிசையை ஒட்டியே கீறி, தபால் கவரைப் பிரிப்பதுபோலத் திறப்பது ஒரு விதம். அதோடு சாய்வாக இன்னொரு கீறல் போட்டு முக்கோணமாக விலக்குவது மற்றது. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அளக்கிறவளுக்கு மட்டும் அது தெரியக் கூடாது. தெரிந்தால் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். டேப்பக்காவுக்கு அதில் ஏகப் பெருமை.

ஆராய்ச்சிக்குப் பல் எடுத்துக்கொள்ள ஆள் குறைந்தபோது, ஞானப்பல் புதைந்திருந்த தன் தங்கையை அவளே கூட்டி வந்தாள். பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவள். அந்தக் குரலை நம்பித்தான் எங்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் பஸ் ஏறுவோம்.

"பயப்படாதடி. நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றாள் அக்கா.

பல் எடுத்த மூன்றாம் நாள் தங்கை கேட்டாள்: "மரத்துப் போறதுக்குப் போட்ட ஊசி இன்னும் தெளியலையாக்கா? நாக்குல எடது பக்கமே இல்லாத மாதிரி இருக்கு." ஏழாம் நாளும் அதையே சொன்னாள், குழறலாக. நாக்கைக் கடித்து வாயோரம் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவே இல்லை. ஆனால் கன்னத்தில் வீக்கம் துளியும் கிடையாது. வாய் நாற்பத்தைந்து மில்லிமீட்டர் திறந்தது. அதுவரை அளந்ததிலேயே அதுதான் நல்ல அளவு.

படிவத்தை எடுத்துக்கொண்டு டேப்பக்கா பெரிய டாக்டரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"சார், நாக்கு மரத்துப் போச்சுன்னு எங்க எழுதறது?"

"வீக்கம், வாய்த் திறப்பு, வலி. நமக்குக் கட்டம் அவ்வளவுதாம்மா. நரம்பு லேசா இழுபட்டிருக்கும், ஆறு மாசத்துல சரியாயிடும்."

"சரியாகலன்னா?"

"அது வேற ஆராய்ச்சி."

அந்த ஒரு பதிலுக்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. டேப்பக்கா அதைப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றியவர் ஓரத்தில் இருந்ததை ஏற்றவில்லை.

எட்டு மாதம் கழித்து முடிவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். முக்கோண வெட்டு இரண்டு மில்லிமீட்டரில் ஜெயித்திருந்தது. தங்கைக்குப் போட்டதும் அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குள் அவளை மைக்கை விட்டு எழுப்பி, தொலைந்த பொருட்கள் அறையில் உட்கார வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் டேப்பக்கா தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். தங்கை கண்ணை மூடி நாக்கை நீட்ட வேண்டும். இவள் பஞ்சுத் திரியால் இடது பக்கம் தொடுவாள். தொட்டது தெரிந்தால் தங்கை கையைத் தூக்க வேண்டும். ஒரு வாரம் நானும் போயிருந்தேன். அக்கா பஞ்சைத் திரித்துக்கொண்டிருந்தாள். தங்கை கையைத் தூக்கினாள்.

"தெரியுதுக்கா. இன்னிக்கு நல்லாவே தெரியுது" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

பஞ்சு இன்னும் அக்காவின் விரலில்தான் இருந்தது.

"ஆமாடி, தேறிட்ட" என்று சொன்ன டேப்பக்கா, நோட்டை மடியில் வைத்து, தேதி போட்டு, 'இல்லை' என்று எழுதினாள்.