காய்ச்சல் கூடத்தில் ஒரு தீபாவளி

மகளுக்கு நிறைமாதம். தஞ்சாவூரில் அவளைப் பார்க்கும் டாக்டரம்மா, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சப் போகிறவர்கள் எல்லாரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டால் நல்லது என்று சொல்லிவிட்டார். அதனால் போன வாரம் நானும் என் கணவரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஊசியைக் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் தைரியசாலி, கண்ணை மட்டும்தான் மூடிக்கொள்வேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி கைப்பையிலிருந்து யூகலிப்டஸ் தைலத்தை எடுத்துக் கைக்குட்டையில் கொஞ்சம் விட்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் சீர்காழிக்குப் போய்விட்டேன்.

சீர்காழியில்தான் எனக்கு முதல் வேலை. ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பள்ளியை ஒட்டி ஒரு ஹாஸ்டல். அங்கே எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள்; பதிலுக்கு வார்டனுக்கு ஒத்தாசையாக இருக்க வேண்டும். வார்டன் வேதவல்லி டீச்சர் கணக்குப் பாடம் எடுப்பவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தக்காரர்கள் யாரும் வந்து போய் நான் பார்த்ததும் இல்லை. சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஆனால் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். எனக்கும் நின்றுவிடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவேயில்லை. சம்பா வயலும் சாலையும் ஒன்றாகிவிட்டன. ஹாஸ்டல் கொடியில் போட்ட பாவாடைகள் நாட்கணக்கில் காயாமல் ஒரு புளித்த வாடை அடித்தது. எட்டாம் வகுப்பில் நான் வைரஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் முள் முள்ளாக ஒரு வட்டம் வரைந்து, "இது தும்மல் வழியாகப் பரவும்" என்று சொல்லி முடிப்பதற்குள் தும்மினேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் முன்வரிசை முழுக்கத் தும்மியது. நானே கொண்டுவந்தேனோ, ஏற்கெனவே வந்திருந்ததோ, யாருக்குத் தெரியும். அந்த வாரக் கடைசிக்குள் ஹாஸ்டலில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்.

டவுன் டாக்டர் வந்து பார்த்தார். "இது ஃப்ளூ. ஊசி வேணாம். காய்ச்சலுக்கு மாத்திரை, நிறையத் தண்ணி, ஓய்வு. மூச்சு வாங்குச்சுன்னா மட்டும் உடனே ஆளனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசி இல்லை என்றதும் பிள்ளைகளுக்கு இருமல்கூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

வேதவல்லி டீச்சர் சாப்பாட்டுக் கூடத்தைக் காய்ச்சல் கூடமாக்கினார். பாய்களைத் தள்ளித் தள்ளிப் போடச் சொன்னார். ஒவ்வொரு டம்ளரிலும் ஒவ்வொரு நிற நூல் கட்டினோம், ஒருத்தி டம்ளரில் இன்னொருத்தி குடித்துவிடாமல் இருக்க. இருமும்போது வாயை மூடத் துண்டு. தொட்டதற்கெல்லாம் சோப்புப் போட்டுக் கை கழுவல். எல்லாவற்றையும் விடப் பெரிய சண்டை ஜன்னலுக்குத்தான். பிள்ளைகள் குளிர்கிறது என்று சாத்துவார்கள். டீச்சர் வந்து திறப்பார். அவர் நகர்ந்ததும் மறுபடி சாத்துவார்கள். கடைசியில் அவர் நாற்காலியைக் கொண்டுவந்து ஜன்னலடியிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார். சமையல்காரர் மிளகு ரசமும் கஞ்சியும் வைத்துக்கொண்டே இருந்தார். கூடம் முழுக்கத் தைல வாசனை. நான் ஆவி பிடிக்கிறேன் என்று போர்வைக்குள் புகுந்து மூக்கு நுனியைச் சுட்டுக்கொண்டது தனிக்கதை. அதற்குப் பிறகு பிள்ளைகளை டீச்சர் வெந்நீர்ப் பானைப் பக்கமே விடவில்லை.

இதற்கிடையே தீபாவளி வந்தது. காய்ச்சல் இல்லாதவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களை அனுப்புவதில்லை என்று டீச்சர் முடிவு செய்து, பள்ளி டெலிபோனில் எட்டக்கூடிய இடங்களுக்கெல்லாம் தகவல் சொன்னார். கோடியக்கரைக்குச் சொல்ல வழியில்லை. அங்கிருந்து, காய்ச்சலில் படுத்திருந்த பூங்கொடி என்ற பெண்ணின் அம்மா ராசாத்தி வந்து சேர்ந்தார்.

உப்பளத்தில் வேலை செய்பவர். மழைக்காலத்தில் உப்பளம் ஓடாது. அதனால் மகளைக் கூட்டிப்போகத் தானே கிளம்பி, பஸ் மாறி மாறி, நனைந்துகொண்டே வந்திருந்தார். கையில் புதுப்பாவாடை வைத்த மஞ்சள் பை. பூங்கொடிக்கு அன்று காலைதான் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அம்மாவின் குரல் கேட்டதும் எழுந்து, தள்ளாடிக்கொண்டே பெட்டியை எடுத்து வந்துவிட்டாள்.

டீச்சர் வாசலை மறித்து நின்றார்.

"இப்ப அனுப்ப முடியாதுங்க. இன்னும் இருமல் இருக்கு."

"சளிதான டீச்சர்? எங்கூட நாலு நாளு இருந்தா சரியாயிடும். நாளு கிழமைல புள்ளைய இப்படிப் பாயில போட்டு வச்சிருக்கீங்களே."

"வீட்ல பெரிய பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கான்னு பூங்கொடி சொன்னா."

"ஆமா. பேரன் பொறந்து இன்னும் மாசம் திரும்பல. சித்திக்காரி எப்ப வருவான்னு அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

"அதுக்குத்தான் சொல்றேன். இவ தாங்கிட்டா. அந்தப் பச்சப்புள்ள தாங்குமா?"

ராசாத்தி தலையில் போட்டிருந்த ஈரத் துண்டை எடுத்துப் பிழிந்தார். பிழிந்து முடித்த பிறகும் அதையே முறுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணு அப்படித்தான் போச்சு டீச்சர்," என்றார். "இவளுக்கு முந்துனது. ஆம்பளப் புள்ள. இதே மாதிரி மழை. சளின்னுதான் நெனச்சோம்."

பூங்கொடி பெட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அப்படி ஓர் அண்ணன் இருந்தது அதுவரை தெரியாது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"அப்ப நானும் இங்கயே இருக்கேன்," என்றார் ராசாத்தி.

"இருந்தா நீங்களும் ஒடனே போக முடியாதுங்க. உங்களுக்கும் ஒட்டும். அதையும் நீங்க அங்க கொண்டு போகக் கூடாது."

"தெரியுது டீச்சர். பேரன் நல்லாருந்தாப் போதும், அவன பொறவு பாத்துக்கறேன். இவளயும் உட்டுட்டுப் போவ முடியலையே."

நாகப்பட்டினம் பஸ் கண்டக்டர் மூலமாக, கோடியக்கரை ஆட்கள் வந்துபோகும் வேதாரண்யம் டீக்கடை ஒன்றுக்குத் தகவல் சொல்லியனுப்பினோம். கூடத்தின் மூலையில் இன்னொரு பாய் விழுந்தது.

தீபாவளியன்று விடிந்தும் விடியாமலும் ராசாத்தி அடுப்படியில் நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தார். டீச்சர் பதறி ஓடிவந்தார்.

"காய்ச்சக்காரப் புள்ளைங்களுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டப் போறீங்களா?"

"இல்ல டீச்சர். பேருக்கு ஒரு சொட்டு. உச்சியில."

டீச்சர் யோசித்துவிட்டு, "மொதல்ல கையக் கழுவிக்கிடுங்க" என்றார்.

ராசாத்தி தன் மகளுக்கு மட்டும் வைப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் பாய் பாயாகப் போனார். ஒவ்வொரு பிள்ளையின் உச்சியிலும் ஒரு சொட்டு வைத்து, விரலால் மெல்ல அழுத்தி, "நோய் நொடி இல்லாம இரும்மா" என்றார். வீட்டை நினைத்து ராத்திரியெல்லாம் அழுத பிள்ளைகள் வரிசையாகத் தலையை நீட்டினார்கள். சிலருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்தது. எனக்கும் வைத்தார். அந்தச் சூடு இறங்க நேரமானது.

அப்போது ஜன்னலடியிலிருந்து ஒரு தும்மல். எல்லாரும் திரும்பினோம். வேதவல்லி டீச்சர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. காய்ச்சல் எப்போது வந்ததோ, யாரிடமும் சொல்லவில்லை.

ராசாத்தி கிண்ணத்தோடு அவர் முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், குனிங்க."

"எனக்கெதுக்குங்க?"

"உங்களுக்கு யாரு வைப்பா? குனிங்க."

கூடமே பார்த்துக்கொண்டிருக்க, டீச்சர் குனிந்தார். நிமிர்ந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்தார்கள். ராசாத்திக்கும் காய்ச்சல் வந்தது. டீச்சரே கஞ்சி கொடுத்தார். இருமல் முழுக்க அடங்கிய பிறகே அம்மாவும் மகளும் ஊருக்குப் போனார்கள். பேரன் நன்றாக இருந்தான்.

அந்த ஹாஸ்டல் இன்று இல்லை. பிள்ளைகளை ஊரூராக வேன் வந்து ஏற்றிப்போகத் தொடங்கியதும் ஆள் குறைந்து மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் வந்திருக்கிறது. நான் வேறு பள்ளிகளுக்கு மாறி, தஞ்சாவூரில் ஓய்வு பெற்றேன்.

இரண்டு வருஷம் முன்பு நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்தில் பூங்கொடியைப் பார்த்தேன். மின்வாரியத்தில் வேலை, தலையில் நரை. அம்மா தவறிவிட்டதாகச் சொன்னாள். கடைசிக் காலத்தில் பல பேர் முகம் மறந்துபோயிருந்ததாம். ஆனாலும் தீபாவளிக்குத் தீபாவளி, "அந்த டீச்சருக்கு இப்ப யாருடி எண்ணெ வக்கிறா?" என்று கேட்பாராம்.

வேதவல்லி டீச்சர் அதற்கு வெகு முன்பே காலமாகியிருந்தார். பூங்கொடி அதை அம்மாவிடம் சொல்லவேயில்லை.

"நாந்தாம்மா போயி வச்சுட்டு வந்தேன்னு சொல்லிடுவேன் டீச்சர்," என்றாள்.