வெள்ளை அவருக்கு, ரோஸ் எனக்கு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் சர்ச் ஹாலில் நடந்தது இது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இலவசமாக பிரஷர் பார்த்தார்கள். எனக்கும் கணவருக்கும் பல வருடங்களாகவே ரத்தக் கொதிப்பு உண்டு என்பதால் இருவரும் போய் உட்கார்ந்தோம்.

எனக்கு நூற்று முப்பதுக்கு எண்பது. பெருமையாக எழுந்து அவருக்கு இடம் விட்டேன். அவருக்குப் பார்த்த நர்ஸ் பெண் மறு கையிலும் பட்டையைக் கட்டினாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். இருநூற்றுப் பத்துக்கு நூற்று இருபது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரோ, "லைட்டா தலைவலி, அவ்ளோதான்" என்று சிரிக்கிறார்.

"அங்கிள் ஒழுங்கா மாத்திரை போடறாரா ஆன்ட்டி?" என்றாள் அந்தப் பெண்.

"டெய்லி என் கையாலதாம்மா குடுக்கறேன். ஒரு நாள் மிஸ் ஆனதில்ல" என்று கொஞ்சம் சூடாகவே சொல்லி, கைப்பையிலிருந்த மாத்திரை டப்பாவைத் திறந்து டாக்டரிடம் நீட்டினேன். உள்ளே எல்லாம் பாதிப் பாதி மாத்திரைகள்.

என் சாமர்த்தியத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் அவருக்கு ஒரு மாத்திரை, எனக்கு வேறு மாத்திரை. அவருக்கு அது போதவில்லை என்று எங்கள் டாக்டர் இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றிக் கொடுத்தார். ஒரு பக்கம் வெள்ளை, மறு பக்கம் ரோஸ். அட்டையைப் படித்தால், ஒன்று அவருடைய பழைய மருந்து, இன்னொன்று நான் சாப்பிடுவது! என்னுடையது தீர்ந்துபோன ஒரு நாள், கடைக்குப் போகச் சோம்பல். கணக்கு டீச்சர் மூளை சும்மா இருக்குமா? புது பிளேடால் நிறம் மாறும் இடத்தில் வெட்டினேன். அவருடைய பழைய மாத்திரை வெள்ளை, என்னுடையது ரோஸ், அப்படியே பிரித்துக்கொண்டோம். வசதியாக இருக்கவே இரண்டு மாதம் அதையே தொடர்ந்தேன்.

இதை அப்படியே டாக்டரிடமும் சொன்னேன். அவர் டப்பாவிலிருந்து ஒரு பாதியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணு பத்தலன்னுதானே மேடம் இன்னொண்ணு சேர்த்தாங்க? அவருக்குச் சேர்த்ததை நீங்க சாப்பிட்டுட்டு இருக்கீங்களே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவரைக் காப்பாற்றக் கொடுத்த மருந்தைத் தினமும் காலையில் நான் விழுங்கியிருக்கிறேன்!

உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டு நாள் படுக்கை. பக்கவாதம் வராமல் தப்பித்தது பெரிய விஷயம் என்றார்கள். கட்டிலருகில் உட்கார்ந்து அழுதேன். "பாதி மாத்திரையா இருக்கேன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ குடுத்தே, முழுங்கினேன். இதுல கேக்க என்ன இருக்கு?" என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஒருவர் கேள்வியே கேட்காமல் நம்மை நம்பினால், அவருக்கும் சேர்த்து நாம்தான் கேள்வி கேட்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.