ஸ்கேன் படத்தைப் பார்த்து நான் சொன்னது

ஒரு பெண்ணின் வாழ்க்கையை நான் ஒரே வார்த்தையில் கெடுத்தேன். திண்டுக்கல்லில் மூளை ஸ்கேன் பார்த்துச் சொல்லும் டாக்டராக அப்போது இருந்தேன். பேச்சு வராத, யார் முகத்தையும் பார்க்காத சின்ன மகனோடு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். மல்லிகை பறித்துப் பறித்து அவள் நகங்கள் கறுத்திருந்தன. தெருவில் ஹாரன் அடித்தால், அவன் அலறுமுன்பே அவன் காதுகளைப் பொத்திவிடுவாள்.

தெரியவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "மூளை நல்லாத்தான் இருக்கு. வளர்ப்புதான் சரியில்ல" என்றேன்.

"கேட்டியாடி? டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள் கூட வந்த மாமியார். அந்த வாரமே அவளையும் மகனையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களின் மூளை கருவிலேயே வேறு விதமாக இணையத் தொடங்கியிருக்கலாம் என்பதையும், அது ஒருவரின் ஸ்கேனில் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதையும் பிறகுதான் படித்தேன். ஓய்வு பெற்றபின் அவளைத் தேடிப் போனேன். மகன் அவளைவிட உயரமாகியிருந்தான்.

"உங்க மேல தப்பே இல்லம்மா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்கு சார்? எங்க மாமியாகிட்டச் சொல்லுங்க."

போனேன். மாமியார் மோர் கொடுத்தாள். "அன்னைக்குப் படத்தப் பாத்துச் சொன்னீக. இன்னைக்கு எதப் பாத்துச் சொல்றீக?" என்று கேட்டாள். காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

திரும்பி வந்து அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அவுக வீட்டுல இருந்தாகளா சார்?"

அவள் கணவன் உள்ளறையில்தான் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வெளியே வராமல் இருந்தான்.

"இல்லம்மா" என்றேன்.

"அதான பாத்தேன். இருந்திருந்தா வெளிய வந்திருப்பாக" என்றாள், முகம் தெளிந்து.