"திருப்பட்டுமா மேடம்?"

போன ஆவணியில், ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின காலையில் நடந்தது இது. நாடு முழுக்க வண்டி ஓட்டும் பெரிய சரக்கு நிறுவனம் ஒன்றின் திண்டுக்கல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். அது படுத்துவிட்டால் எழுப்பி ஓட வைக்கிற ஆபரேஷன்ஸ் டீம் நாங்கள்.

முன்பெல்லாம் சில மாதங்களுக்கு ஒருமுறைதான் சாஃப்ட்வேரில் மாற்றம் வரும். இனி வாராவாரம் வரும், தயாராகுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. விளங்கிடும் என்று நினைத்துக்கொண்டோம். எங்களைப் பழக்க ஒட்டன்சத்திரத்துக்காரப் பெண் ஒருவர் வந்தார். என்னைவிட ரொம்பச் சின்னவர். பயிற்சி என்ன தெரியுமா? ஒத்திகைக்கென்று வைத்திருந்த சாஃப்ட்வேர் நகலில் அவரே எதையாவது கெடுத்து வைப்பார். நாங்கள் கண்டுபிடித்து, பழைய வெர்ஷனுக்குத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் பட்டன் வரைக்கும் போய்விட்டு, "திருப்பட்டுமா மேடம்?" என்று கேட்பேன். மேலே கேட்காமல் எதையும் தொடக்கூடாது என்றே ஊறிப்போன உத்தியோகம். அவர் பதிலே சொல்ல மாட்டார். டீயைக் குடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அன்று புது மாற்றம் ஏறிய கொஞ்ச நேரத்தில் நிலக்கோட்டையிலிருந்து ஒரு டிரைவர் கூப்பிட்டார். பூ ஏற்றிய வண்டி எங்கள் கிடங்கு வாசலில் நிற்கிறது, எங்கள் சாஃப்ட்வேர் அனுப்புகிற கேட் பாஸ் போனில் வரவில்லை. பாஸ் இல்லாமல் கேட் திறக்காது.

"அண்ணே, பிளேனுக்குப் போற மல்லிண்ணே. இன்னும் செத்த நேரம் வெயில்ல நின்னா மொட்டு பூராம் விரிஞ்சிரும். எங்க வீட்டுத் தோட்டத்துப் பூவும் இதுலதேன் கெடக்கு."

மேனேஜருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அவருக்கு மேலே உள்ளவர் மீட்டிங்கில். கடைசியில் அந்தப் பெண்ணுக்கே போட்டு, நிலைமையைச் சொல்லி, "திருப்பட்டுமா மேடம்?" என்றேன்.

"ஏனுங்க, சீட்டுல இருக்கறது நீங்கதானுங்களே?" என்றார். அதோடு சரி. லைனை வைக்கவும் இல்லை, வேறு பேசவும் இல்லை. அட பாவி மகளே என்று மனசுக்குள் திட்டினேன். இன்னொரு போனில் டிரைவர், "அண்ணே, இருக்கீகளா?" என்கிறார். திருப்பிவிட்டேன்.

பாஸ் வந்தது. வண்டி மதுரைக்குப் பறந்து பிளேனைப் பிடித்துவிட்டது. மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டு, "யாரைக் கேட்டுத் திருப்புனீங்க?" என்றார்.

"கேட்டேன் சார், யாரும் சொல்லல. நானாத்தேன் திருப்புனேன்." வேலைக்கே உலை என்று நினைத்தேன்.

"சரி, எழுதுன பசங்களோட உக்காந்து என்ன ஆச்சுன்னு பாருங்க" என்று வைத்துவிட்டார். அம்புட்டுத்தான்.

இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்த ஒத்திகையை நடத்துவது நான்தான். "திருப்பட்டுமாண்ணே?" என்று கேட்கிறார்கள். பதில் நாக்கு நுனியில் நிற்கும். டீயைக் குடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறேன். அன்று திருப்ப நான் பயந்ததைவிட, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்த அந்தப் பெண் அதிகமாகப் பயந்திருப்பார் என்று இப்போதுதான் தெரிகிறது.