ஒட்டிய பக்கங்கள்

இலக்கியம் நடத்துகிற வேலை எனக்கு ஒரு பொடி டப்பியின் சத்தத்தில் தொடங்கியது. மூடியில் விரலால் இரண்டு தட்டு, ஒரு செருமல், பிறகு செய்யுள். வகுப்பில் நின்று தொண்டை வற்றிய உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு சத்தம் காதில் தங்கியிருக்கும்.

தட்டிக்கு அந்தப் பக்கம்

இருபதாம் நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். பாளையங்கோட்டையில் நான் சேர்ந்த மிஷன் பெண்கள் கல்லூரியில் தமிழுக்கு ஒரு பண்டிதர் இருந்தார். ஆண்பிள்ளை என்பதால் அவரும் மாணவிகளும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. வகுப்பின் நடுவே மூங்கில் தட்டி நிற்கும். அந்தப் பக்கம் பண்டிதர். இந்தப் பக்கம் பன்னிரண்டு பெண்கள், அவர்களுக்குக் காவலாக நான். உதவி ஆசிரியை என்று பெயர். அவருக்கு வயதாகிவிட்டது, அடுத்த வருஷம் அந்த இடம் எனக்கு வரும் என்று பேச்சு இருந்தது.

ஒருநாள் பெண்கள் சேர்ந்து பாட்டு ஒப்பித்தார்கள். இரண்டு பேர் வாயை மட்டும் அசைத்தார்கள். நான் பார்த்தும் பேசாமல் இருந்தேன். தட்டிக்கு அப்பால் டப்பி மூடும் சத்தம் கேட்டது. "முகம் தெரியாட்டா என்ன தாயி? பன்னெண்டு தொண்டையில பத்துதான் எந்திரிச்சிருக்கு."

கஞ்சிப் பசை

அந்த வருஷம், பி.ஏ.வுக்கு முந்தின எப்.ஏ. பரீட்சைக்கு வைத்திருந்த காவியத்தில், தலைவனும் தலைவியும் முதன்முதலாகச் சந்திக்கிற இடம் வந்தது. பதினாலு பாட்டு. கல்லூரித் தலைவியான பெரிய மிஸ்ஸியம்மா வெள்ளைக்காரர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தனையும் படித்தார். படித்து முடித்ததும் பன்னிரண்டு புத்தகங்களையும் என் மேசையில் அடுக்கி, அந்தப் பக்கங்களை ஒட்டிவிடச் சொன்னார்.

அந்தப் பாட்டுகள் எனக்கு மனப்பாடம். மெட்ராஸில் படித்த நாளில் குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்ப்பேன். அரிசிக் கஞ்சியைக் காய்ச்சி, பக்கத்தோடு பக்கம் சேர்த்து ஒட்டினேன். கை ஒட்டிக்கொண்டிருக்க, வாய் அதே பாட்டை முணுமுணுத்தது. தட்டிக்கு அப்பால் இருந்த பண்டிதர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். டப்பி மூடியில் இரண்டு தட்டு விழுந்தது. "ஒட்டுங்க தாயி. ஆனா கேள்வி எழுதுதவன் மெட்ராஸ்ல இருக்கான். அவன் புஸ்தகத்துல கஞ்சி கிடையாது."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. மிஸ்ஸியம்மாவிடம் அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வரப்போகிற வேலையை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

உப்பிய புத்தகங்கள்

இரண்டு வாரத்தில் புத்தகங்கள் நடுவில் உப்பத் தொடங்கின. விடுதிச் சமையல்கட்டில் சோற்றுப்பானை ஆவியில் காட்டி, பைய உரித்திருக்கிறார்கள். எந்தப் பாட்டையும் மூன்று தடவை சொன்னால்தான் பிடிக்கிற பெண்கள், அந்தப் பதினாலையும் ஒரே ராத்திரியில் நெட்டுருப் போட்டுவிட்டார்கள். பண்டிதர் இருபது வருஷமாக முயன்றும் நடக்காத காரியம்.

நான் எதையும் பார்க்காதவள் போல நடந்துகொண்டேன். ரோஸம்மாள் என்ற வாயாடி மட்டும் என் காதோரம் வந்து சொன்னாள். "டீச்சரம்மா, அடுத்த தடவை ஓரத்துல மட்டும் பசை வைங்க. நடுவுல வச்சா எழுத்து போயிருதுல்லா."

ஒரு தட்டைப் புத்தகம்

பதினொரு புத்தகம் உப்பியிருந்தது. ஒன்று மட்டும் வாங்கிய நாள் போலத் தட்டையாக இருந்தது. அது ஞானப்பூவின் புத்தகம். அவள் நாங்குநேரிப் பக்கத்துக் கிராமச் சபையில் வேதம் போதிக்கிற உபதேசியார் ஒருவரின் மகள். வகுப்பிலேயே நல்ல குரல் அவளுக்குத்தான். செய்யுளை அவள் சொல்லும்போது பண்டிதர் பொடி போடுவதை நிறுத்திவிடுவார். பி.ஏ. படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

பரீட்சைக்கு முந்தின வாரம் அவள் தகப்பனார் வந்திருந்தார். மேலே படிக்க வையுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். அவர் நியாயமான மனுஷர், யோசித்துத்தான் பதில் சொன்னார். "தேறினா மெட்ராஸுக்கு அனுப்புதேன் அம்மா. தேறலேன்னா வைகாசியில கலியாணம். மாப்பிள்ளை வீட்டுக்கு இதுக்கு மேல தவணை சொல்ல ஏலாது."

மூன்றாம் கேள்வி

தமிழ்த் தாளில் மூன்றாம் கேள்வி, எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, ஒட்டிய பக்கத்திலிருந்து வந்தது. ஒரு பாடத்தில் போனால் மொத்தமும் போன மாதிரிதான் அந்தக் காலத்தில். பரீட்சை முடிவு அச்சான கெஜட் வந்தபோது பதினொரு பேர் தேறியிருந்தார்கள். ஞானப்பூவின் எண் இல்லை.

மிஸ்ஸியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த வகுப்புக்கு ஜெபம் பண்ணினார். பண்டிதர் ஜெபம் முடிகிற வரைக்கும் வாசலில் நின்றார், பிறகு என்னிடம் சொன்னார். "நல்ல குரல் தாயி. பன்னெண்டுல அது ஒண்ணுதான் எனக்குத் தனியாக் கேக்கும்."

நாங்குநேரிக்குப் போன வண்டி

வண்டி பிடித்து அவள் ஊருக்குப் போனேன். பக்கத்தை ஒட்டியவள் நான்தான், தெரிந்தும் சொல்லாமல் இருந்தவளும் நான்தான், ஒரு வருஷம் மட்டும் பொறுங்கள் என்று உபதேசியாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மோர் கொடுக்கச் சொன்னார். "பிரிச்சுப் படிச்ச பிள்ளைய எல்லாம் தேறிட்டாளுவ. சொன்ன சொல்லு கேட்டவ தேறலை. இதுல நான் யாரைக் கோவிக்க? வாக்குக் குடுத்தாச்சு அம்மா."

ஞானப்பூ வண்டி வரைக்கும் வந்தாள். ஏன்டி நீ மட்டும் பிரித்துப் பார்க்கவில்லை என்று கேட்டேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நீங்கதான டீச்சரம்மா ஒட்டுனீங்க. பெறகு என்னைக்காவது நீங்களே பிரிச்சு நடத்துவீங்கன்னு இருந்தேன்."

அந்த ஜூனில் பண்டிதரின் இடம் எனக்குக் கிடைத்தது, அதில் முப்பது வருஷம் இருந்து இலக்கியத்தை ஒளிவுமறைவில்லாமல் நடத்தியவள் என்று ஓய்வு பெற்ற அன்று மாலையும் வாங்கிக்கொண்டேன்; ஞானப்பூ வைகாசியில் வள்ளியூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், அப்புறம் பரீட்சை எதுவும் எழுதவில்லை.