கீழறையில் ஒளிந்திருந்த 'நான்'

பல்கேரியாவின் யாம்போல் நகரில் எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கும் ரத்கா மிந்சேவா, ஓய்வு பெற்ற பிறகு சிறுவர் கதை எழுதத் தொடங்கினார். இது சட்டப்படி குற்றமல்ல என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் அவர் எழுதிய கதையை, அதில் வரும் பத்து வயதுச் சிறுமியே சொல்கிறாள்: 'நான் சத்தமில்லாமல் கீழறைக்குள் இறங்கினேன். மேல்தட்டு ஜாடியைத் திறந்தேன்.'

குளிர்காலத்துக்கென்று சுட்டு, உப்பிட்டு அரைத்த சிவப்புக் குடைமிளகாய் விழுதை எல்லா வீட்டாரும் அடுக்கிவைக்கும் பொது அறை அது. அதே வாரம் அங்கே ஐந்து ஜாடிகள் காலியாகிக் கிடந்தன. பிழை பார்க்கக் கதையை வாங்கிப் போன பக்கத்து வீட்டு ஸ்தோயங்கா, மனசாட்சி உறுத்தவே, நான்கு மாடிக்கும் வாசித்துக் காட்டினார்.

மாடிப்படியில் விசாரணை கூடியது. குடியிருப்புத் தலைவர் பென்கோ, மருத்துவர் உப்பை நிறுத்தியதிலிருந்து இன்னும் கண்டிப்பானவர்.

"அக்கா, நீயே கைப்பட ஒத்துக்கிட்ட. கீழறைச் சாவியக் குடு."

"அது நான் இல்ல அண்ணே, அந்தப் பொண்ணு."

"எந்தப் பொண்ணு? வீட்டு நம்பரச் சொல்லு!"

அவர் மீசையோரம்கூடச் சிவந்திருந்தது. கோபம் அதுவரை பரவிவிட்டது என்று எண்ணிக்கொண்டோம்.

சாவி பறிபோனது. ரத்காவின் நாற்பது ஜாடிகள் உள்ளே, குளிர்காலம் வாசலில். "ஞாயித்துக்கெழமைக்குள்ள கதைய மாத்து, யோசிக்கிறேன்" என்றார் பென்கோ.

'அவள் இறங்கினாள்' என்று மாற்றினார் ரத்கா. குடியிருப்பில் இருந்த இரண்டு பத்து வயதுப் பெண்களின் வாயையும் அம்மாக்கள் முகர்ந்து பார்த்தார்கள். பூனை சொல்வதாக மாற்றினார். ஸ்தோயங்காவின் பூனைக்குப் பால் நின்றது. எல்லாம் அறிந்த ஒருவர் சொல்வதாக மாற்றினார்.

"எல்லாரோட அலமாரியும் தெரிஞ்ச ஆளாமே!" என்று பென்கோ குதித்தார். "அப்ப கூட்டாளி வேற இருக்கான்!"

ரத்காவுக்கு அதைவிடப் பெரிய துக்கம், எப்படி மாற்றினாலும் சிறுமியின் நெஞ்சு படபடப்பது கேட்கவில்லை என்பது.

ஞாயிறு காலை கதைக்குள் பழைய 'நான்' திரும்பி வந்தாள். ஆனால் இம்முறை அவள் ஜாடியைத் தொடவில்லை. அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். மீசைக்காரர் ஒருவர் கரண்டியோடு இறங்கி வந்தார்.

பென்கோ அந்தப் பக்கத்தை இருமுறை வாசித்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ரத்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"அக்கா," என்றார் மெதுவாக, மீசையைத் துடைத்தபடி. "அந்தப் பொண்ணு... எவ்வளவு நேரமா அங்க நின்னுச்சு?"